கிடாவுக்கென்று ஒரு தொட்டி

எங்கள் வீட்டில் எனக்கு இல்லாத மரியாதை ஒரு கிடாவுக்கு இருந்தது. பொறாமையில் சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன். காலையில் அடுப்பிலிருந்து இறங்கும் முதல் கஞ்சித்தண்ணீர் அதற்கு. நைலான் கயிறு கழுத்தை அறுக்கும் என்று என் கணவர் தேடிப் பிடித்துப் பருத்திக் கயிறு வாங்கி வருவார். கறுத்த உடம்பு, நெற்றியில் வெள்ளைப் பொட்டு, தாடைக்குக் கீழே தொங்கும் காது. பாறசாலையிலிருந்து வெள்ளறடை போகும் வழியில் இறங்கி எங்கள் வீட்டைக் கேட்டால், "முட்டன் நிக்க வீடா?" என்று கிடாவைச் சொல்லித்தான் திருப்பிக் கேட்பார்கள். என் மாமனாரின் பெயரோ கணவரின் பெயரோ யாருக்கும் தேவைப்படவில்லை.

சுற்றுவட்டாரத்தில் ஆட்டைக் கிடாவுக்கு விட வேண்டுமென்றால் எங்கள் வீட்டுக்குத்தான் கொண்டு வருவார்கள். காட்டாக்கடையிலிருந்துகூட ஆட்டோவில் ஏற்றி வந்திருக்கிறார்கள். பெரும்பாலும் பெண்கள்தான் வருவார்கள். கிடா பாய்கிற நேரத்தில் ஆட்டுக்காரி வேறு பக்கம் பார்த்துக்கொண்டு மரச்சீனிக் கிழங்கு விலையைப் பற்றிப் பேசுவாள். ஆட்டின் கயிற்றை அசையாமல் பிடிப்பது என் வேலை. முடிந்ததும் கிடா நிற்கும் வீட்டுப் பெண் ஒரு கை தண்ணீரை ஆட்டின் முதுகில் தெளித்து, "பிடிச்சுக்கிடும், பேடிக்காண்டாம்" என்று சொல்ல வேண்டும். சினை பிடித்துவிடும், பயப்பட வேண்டாம் என்று பொருள்; எங்கள் பக்கத்து வழக்கம் அது. கல்யாணமாகி வந்த புதிதில் நான்தான் தெளித்துக்கொண்டிருந்தேன். எனக்கு இரண்டாவது பிள்ளையும் தங்காமல் போனபிறகு மாமி, என் கணவரின் அம்மா, என் கையிலிருந்து செம்பை வாங்கிக்கொண்டார்.

"நீ கயிறப் பிடி மக்களே. வெள்ளம் நான் தெளிச்சுக்கிடுதேன்."

குரலில் கோபமே இல்லை. பாசமாகத்தான் சொன்னார். அதனால்தான் இன்றும் அது உள்ளே குத்திக்கொண்டு நிற்கிறது.

என் கணவருக்கு ஜங்ஷனில் பேட்டரிக் கடை. இன்வெர்ட்டர், ஆட்டோ, லாரி எல்லாவற்றுக்கும் பேட்டரி மாற்றிக் கொடுப்பார், பழையதை எடைக்கு எடுத்துக்கொள்வார். எடுத்ததைக் கம்பெனிக்குத் திருப்பி அனுப்ப வேண்டும் என்பது சட்டம். சட்டத்துக்கும் எங்கள் ஊருக்கும் எப்போதுமே கொஞ்சம் தூரம் உண்டு. அவர் பழைய பேட்டரியை உடைத்து, உள்ளே இருக்கும் ஈயத்தை எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு கொட்டகையில் இரும்புச் சட்டியில் போட்டு உருக்குவார். உருக்கியதைச் சிறு சிறு அச்சில் ஊற்றி வலைக்குக் கட்டும் ஈயமாக்குவார். பொழியூர்ப் பக்கத்துக் கடற்கரைக்காரர்கள் வாங்கிக்கொண்டு போவார்கள். அவர் ஊற்றிய ஈயம் ஒரே எடை, ஒரே வடிவம், வலை நேராகத் தாழும் என்று அவர்கள் புகழ்வதை நானே கேட்டிருக்கிறேன். கைநேர்த்தி உள்ள மனிதர்தான். குடி கிடையாது, கை நீட்டியதும் கிடையாது. மூக்கில் துண்டுகூடக் கட்டாமல் அந்தச் சட்டிக்கு மேல் குனிந்து நிற்பார். சாயங்காலம் வரும்போது புருவமும் தாடியும் சாம்பல் பூத்திருக்கும். சட்டையை நான்தான் கிணற்றடியில் கும்மித் துவைப்பேன். முதல் தண்ணீர் கறுப்பாக இறங்கும்.

கிடாவின் தொட்டியும் அந்தக் கொட்டகையில் இருந்து வந்ததுதான். ஒரு பழைய லாரி பேட்டரியின் கறுத்த பெட்டி. உள்ளே இருந்த தடுப்புகளை வெட்டி எடுத்து, விளிம்பை அரம் வைத்துத் தேய்த்து, கிடாவின் வாய் அளவுக்குப் பாந்தமாகச் செய்திருந்தார். உடையாது, கவிழாது, முட்டித் தள்ளினாலும் நகராது. பிளாஸ்டிக் வாளியெல்லாம் மற்ற ஆடுகளுக்கு. இது கிடாவுக்கென்றே செய்தது. பழங்கஞ்சித் தண்ணீரைப் புளிக்க வைத்து, தவிடு கலந்து, அந்தக் காடியை அதில் ஊற்றினால் கிடா கடைசிச் சொட்டுவரை நக்கும். நக்கி முடித்தபிறகும் அடியையும் ஓரத்தையும் நக்கிக்கொண்டே இருக்கும். "பாரு, எவ்வளவு ருசி" என்று என் கணவர் சந்தோஷப்படுவார். செல்லப்பிள்ளைக்குச் செய்து கொடுத்த தொட்டில் மாதிரி அவருக்கு அந்தத் தொட்டியில் ஒரு பெருமை.

என் முதல் பிள்ளை வந்ததே தெரியாமல் போனது. இரண்டாவது ஐந்து மாதம் இருந்தது. நெய்யாற்றின்கரை ஆஸ்பத்திரியில் வைத்துப் போயிற்று. அன்று என் கணவர் வலை ஈயம் கொடுக்கக் கடற்கரைக்குப் போயிருந்தார், போன் எடுக்கவில்லை. ஆஸ்பத்திரியில் ஒரு வெள்ளைத் துணியில் பொதிந்து மாமியின் கையில் கொடுத்தார்கள். ஞானஸ்நானம் பெறாத பிள்ளைக்குக் கல்லறைத் தோட்டத்தில் இடம் கேட்டு யார் போய் நிற்பது என்று, மாமி வீட்டுக்குக் கொண்டுவந்து, பின்னால் பிலா மரத்தின் மூட்டில், அடிமரத்தை ஒட்டி, தானே குழி தோண்டி அடக்கினார். நான் மறுநாள் வந்தபோது அந்த இடத்தில் மண் மட்டும் புதிதாகத் தெரிந்தது.

"அவனுட்ட இஞ்சண்ணு பறயாத மக்களே. ஆம்பிளைங்க அதத் தாங்க மாட்டாவ. ஆஸ்பத்திரியில பாத்துக்கிட்டாவண்ணு இருக்கட்டு."

பிள்ளை கிடக்கும் இடத்தை என் கணவரிடம் சொல்ல மாட்டேன் என்று மாமிக்குச் சரி சொன்னேன். அப்போது எதற்கும் சரி என்று சொல்லும் நிலையில்தான் இருந்தேன். அவரும் எதுவும் கேட்கவில்லை. "ஒடம்பு எப்பிடி இருக்கு?" என்று கேட்டார், ஆர்லிக்ஸ் வாங்கி வந்தார். பிள்ளையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

ஒரு மாதம் போயிருக்கும். கொட்டகையில் சேர்ந்த ஈயச் சாம்பலைக் கூடையில் அள்ளிக்கொண்டு வந்து அந்தப் பிலா மூட்டில் கொட்டினார். மண் இளகிக் கிடந்ததால் அங்கே ஒரு பள்ளம் விழுந்திருந்தது. பள்ளத்தை நிரப்பியதாக அவருக்கு நினைப்பு. நான் அடுக்களை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றேன். மாமியும் பார்த்தார். அதற்குப் பிறகு சாம்பல் கொட்டும் இடமே அதுவாகிவிட்டது. அவர் கூடையோடு வருவது தெரிந்தால் நான் உள்ளே போய் மிக்ஸியைப் போட்டுவிடுவேன்.

இதற்கிடையில்தான் கிடாவின் பெயர் கெட ஆரம்பித்தது. விட்டுக்கொண்டு போன ஆடுகள் சினை பிடிக்காமல் திரும்பத் திரும்ப வந்தன. ஆனால் பாருங்கள், கிடாவின் பெயர் உடனே கெடவில்லை. முதலில் ஆடுகளின் பெயர்தான் கெட்டது. "அது மச்சியாக்கும்" என்றார்கள். மச்சி என்றால் எங்கள் பக்கம் பிறப்பில்லாதது. ஆட்டுக்கும் சொல்வார்கள், மாட்டுக்கும் சொல்வார்கள், பெண்ணுக்கும் சொல்வார்கள். மச்சி ஆட்டை வைத்துத் தீனி போட யாருக்கு முடியும்? பனச்சமூட்டில் கறிக்கடைக்காரனிடம் கொடுத்துவிடுவார்கள். மூக்கும் முழியுமாக, மடி இறங்கக் காத்திருந்த இளம் ஆடுகள் எத்தனையோ அப்படிப் போயின. பாவம் ஓரிடம், பழி ஓரிடம். கயிற்றைப் பிடித்து நிறுத்தியவள் நான் என்பதால் ஒவ்வொன்றின் முகமும் எனக்கு நினைவிருக்கிறது.

மாமி தெளித்த தண்ணீருக்கும் அதே கதிதான் என்பதில் எனக்கு ஒரு கெட்ட சந்தோஷம் இருந்தது. அதையும் சொல்லிவிட வேண்டும் இல்லையா.

பழியைத் திருப்பிப் போட்டது எங்கள் பக்கத்து வீட்டு அக்காதான். வாய் கொஞ்சம் நீளம். ஆனால் கண்ணும் அவ்வளவு நீளம். ஒரு நாள் தன் ஆட்டை இழுத்துக்கொண்டு முற்றத்தில் வந்து நின்றார்.

"இது போன வருசம் தக்கலையில உள்ள கெடாய்க்கு விட்டு ரெண்டு குட்டி போட்டதாக்கும். இப்பம் உங்களுக்க கெடாய்க்கு மூணு மட்டம் விட்டாச்சு. ஒண்ணும் இல்ல. இது மச்சியா? இல்ல, உங்களுக்க முட்டன் சும்மா ஏறி எறங்குதானா?"

மாமிக்கு முகம் சிவந்துவிட்டது. "எங்களுக்க கெடாயக் கொற பறயாத. இந்த ஊருல உள்ள குட்டியில பாதி அதுக்க குட்டியாக்கும்."

"அது பண்டு. இப்பத்த கதயப் பறயுங்க."

என் கணவர் கடையிலிருந்து வந்தவர் இதைக் கேட்டுக்கொண்டு நின்றார். கிடா தொட்டியை நக்கிக்கொண்டிருந்தது. அதன் பின்பக்கத்தை அவர் வெகுநேரம் பார்த்தார். எனக்கும் அப்போதுதான் பட்டது. முன்பு இரண்டு தேங்காய் மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது சுருங்கிப் போயிருந்தது. உடம்பு மட்டும் பழைய உடம்பு. யானை படுத்தாலும் குதிரை மட்டம் என்று நாங்கள் பெருமூச்சு விட்டுக்கொள்வதற்குக்கூட வழியில்லை.

மிருக ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் கொண்டுபோனோம். கிடா என் மடியில் தலையை வைத்துக்கொண்டு வந்தது. அங்கே இருந்த டாக்டர் இளம் பெண். மலையாளத்தில் பேசினார், நாங்களும் அதிலேயே பதில் சொன்னோம். கையுறை போட்டுக்கொண்டு கிடாவின் விரையை அமுக்கிப் பார்த்தார். கல்லுப் போல இருக்க வேண்டியது, வெந்த கிழங்கு போல இருக்கிறது என்றார். ஈறைத் தூக்கிப் பார்த்தார், கண்ணில் விரலைக் காட்டிப் பார்த்தார். என்ன தின்கிறது, எங்கே மேய்கிறது என்று கேட்டார். காடி கொடுக்கிறோம், பிலா இலை கொடுக்கிறோம், கட்டித்தான் போட்டிருக்கிறோம் என்று என் கணவர் ஒப்பித்தார். பெருமையோடு போனை எடுத்து, தான் ஸ்டேட்டஸில் போட்டிருந்த கிடாவின் படத்தையும் காட்டினார்.

டாக்டர் இரண்டு விரலால் அந்தப் படத்தைப் பெரிதாக்கினார். கிடாவைப் பெரிதாக்கவில்லை. தொட்டியைப் பெரிதாக்கினார்.

"இது என்ன?" என்றார்.

பேட்டரிப் பெட்டி என்று என் கணவர் சொன்னார். நன்றாகக் கழுவினதுதான் என்றும் சொன்னார். டாக்டர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். எவ்வளவு கழுவினாலும் அதில் ஈயம் ஊறியிருக்கும், புளித்த காடி அதை மெல்ல மெல்லக் கரைத்து எடுக்கும், ஈயத்துக்கு ஒரு தித்திப்பு உண்டு, அதனால்தான் நக்குகிறது என்று பொறுமையாகச் சொன்னார். உள்ளே போன ஈயம் ரத்தத்தில் ஏறும், எலும்பில் போய் உட்காரும், விரையைச் சுருக்கும், விந்தைக் கெடுக்கும். பெட்டை ஆடு தின்றால் சினை தங்காது, தங்கினாலும் கலைந்து போகும். ரத்தம் எடுத்துத் திருவனந்தபுரத்துக்கு அனுப்பினார். பதில் வர ஒரு வாரத்துக்கு மேல் ஆயிற்று. அவர் சொன்னதுதான் அதிலும் இருந்தது.

பதில் வாங்கப் போன அன்று டாக்டர் கேட்ட கேள்வி வேறு. உருக்குவதும் உடைப்பதும் வீட்டிலேயேதானா என்று கேட்டார். ஆமாம் என்றோம்.

"வீட்டில் சின்னப் பிள்ளைகள் உண்டா?"

என் கணவர் சுவரில் ஒட்டியிருந்த கோழி நோய்ப் படத்தைப் பார்த்தார். இல்லை என்று நான் சொன்னேன். இரண்டு தடவை உண்டாகித் தங்கவில்லை என்றும் நானே சொன்னேன். சட்டையைத் துவைப்பது யார் என்று கேட்டார். நான்தான் என்றேன். டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். நான் மனிதருக்கான டாக்டர் இல்லை, ஆனாலும் சொல்கிறேன், நீங்கள் இருவரும் போய் ரத்தம் பரிசோதிக்க வேண்டும், முதலில் நீங்கள் என்று என் கணவரைப் பார்த்துச் சொன்னார். விந்தும் பார்க்க வேண்டும் என்றார். இந்தக் கிடாவை எக்காரணம் கொண்டும் கறிக்குக் கொடுக்காதீர்கள், ஈரலிலும் எலும்பிலும் ஈயம் இருக்கும் என்றும் சொன்னார்.

"நாங்க ஆட்டக் காட்டவாக்கும் வந்தோம்," என்று என் கணவர் தமிழில் சொல்லிவிட்டு எழுந்தார்.

ஆட்டோவில் திரும்பும்போது எனக்கு அழுகை வரவில்லை. வெறி வந்தது. கல்யாணமான நாள் முதல் ஸ்கேன், மாத்திரை, ஊசி, உபவாச ஜெபம், எண்ணெய் பூசிக் கை வைத்து ஜெபம் என்று எல்லாமே என் வயிற்றின் மேல்தான் நடந்தன. ஒரு தடவைகூட ஒருவர்கூட அவர் பக்கம் விரலைத் திருப்பவில்லை. திருப்புவதற்கு ஒரு கிடாவின் விரை சுருங்க வேண்டியிருந்தது. அந்த மாட்டு டாக்டரைக் கட்டிப்பிடிக்க வேண்டும் போல இருந்தது.

வீட்டில் வந்து அவரிடம் கேட்டேன். "எப்பம் போலாம்?"

"எங்க?"

"ரெத்தம் பாக்க."

"எனக்கு ஒரு கேடும் இல்ல பிள்ளே. எனக்க அப்பன் பீடி வலிச்சு வலிச்சு அஞ்சு பிள்ள பெத்தாரு."

அவருடைய அப்பா ஈயம் உருக்கவில்லை என்றேன். அவர் கொட்டகைக்குப் போய்விட்டார். சட்டியில் ஈயம் தட்டும் சத்தம் கேட்டது.

மாமி அந்த வாரமே என் அண்ணனுக்குப் போன் செய்தார். சபையில் அறுப்பின் பண்டிகை கழிந்ததும் வந்து என்னைக் கூட்டிக்கொண்டு போகும்படியும், கொஞ்ச நாள் அங்கே நின்று உடம்பைத் தேற்றிக்கொள்ளட்டும் என்றும் சொன்னார். அந்தக் கொஞ்ச நாள் என்ன என்பது எங்கள் பக்கத்துப் பெண்களுக்குத் தெரியும். அப்படிப் போனவர்களுக்குத் துணிமணியை யாராவது கொண்டுபோய்க் கொடுப்பார்கள், பிறகு வக்கீல் வருவார். நான் இந்த வீட்டில் இருப்பதா இல்லையா என்பது என் கணவரின் ஒரு குப்பி ரத்தத்தில் இருந்தது. அவர் கையை நீட்ட மாட்டேன் என்றார்.

கிடாவை என்ன செய்வது என்பதற்கும் மாமியே வழி கண்டுபிடித்தார். எனக்குப் பிள்ளை நின்றால் கிடாவைச் சபைக்குக் கொடுப்பதாக அவர் முன்பே ஒரு பொருத்தனை செய்திருந்தார். இப்போது பிள்ளை நிற்காமலே கொடுத்துவிடலாம் என்றார். அறுப்பின் பண்டிகைக்கு எல்லாரும் விளைந்ததில் ஒரு பங்கைச் சபைக் கோயிலுக்குக் கொண்டுவருவார்கள். மரச்சீனி, வாழைக்குலை, தேங்காய், கோழி, ஆடு எல்லாம் ஆராதனை முடிந்ததும் ஏலம் போகும். கர்த்தருக்குக் கொடுத்தது போலவும் ஆயிற்று, வீட்டுத் தொல்லை ஒழிந்தது போலவும் ஆயிற்று. டாக்டர் கறிக்குக் கொடுக்கக்கூடாது என்றாரே என்று நான் கேட்டேன்.

"நாமளா வெட்டுதோம்? நாம கோயிலுக்குக் குடுக்கோம். அதுக்குப் பொறவு எடுக்கவியளுக்க பாடு."

பண்டிகை அன்று காலையில் என் கணவர் கிடாவைக் குளிப்பாட்டி, கழுத்தில் செவ்வந்தி மாலை போட்டு, கோயில் வளாகத்துக்கு நடத்திக் கொண்டுபோனார். அது கொஞ்சம் பக்கவாட்டில் நடந்தது. ஒரு கண் சரியாகத் தெரியவில்லை என்று எனக்குத் தோன்றியது. பல்லை நறநறவென்று கடித்துக்கொண்டே வந்தது.

ஏலம் கூறியவர் கமிட்டிக்காரர், நல்ல தமாஷ்காரர். "இந்த ஏரியாவுக்க பழைய மாப்பிளையாக்கும் இது" என்று ஆரம்பித்ததும் எல்லாரும் சிரித்தார்கள். கறிக்கடைக்காரர் ஒரு விலை சொன்னார். யாரோ ஏற்றினார்கள். பிறகு ஒரு பெண் குரல் அதற்கு மேல் ஏற்றியது. திரும்பிப் பார்த்தால் பக்கத்து வீட்டு அக்கா. அவருடைய மகள் பிரசவத்துக்கு வந்திருந்தாள். அன்று அவள் ஆலமரத்தின் கீழே பிளாஸ்டிக் நாற்காலியில் வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"சென பிடிக்கத்தானே கொள்ளாது? கறிக்குக் கொள்ளாம்," என்று அக்கா பக்கத்தில் இருந்தவளிடம் சொல்லிச் சிரித்தார். "எனக்க மகளுக்கு ஈரலும் எலும்பு சூப்பும் குடுக்கணும். பேறு சமயமில்லியா?"

ஒரு தரம், என்றார் கமிட்டிக்காரர்.

நான் அந்தப் பெண்ணின் வயிற்றைப் பார்த்தேன். நல்லவள் மாதிரி வேஷம் போட மாட்டேன். அந்த வயிற்றைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு எரியும். அவள் முற்றத்தில் நடப்பது தெரிந்தால் ஜன்னலைச் சாத்துவேன். அன்றும் எரிந்தது. எரிந்துகொண்டேதான் எழுந்தேன்.

இரண்டு தரம்.

"அக்கா, அத எடுக்காதுங்க."

என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. கமிட்டிக்காரர் நிறுத்திவிட்டார்.

"அதுக்க ஒடம்பு முழுக்க ஈயமாக்கும். ஈரலுல உண்டு, எலும்புல உண்டு. கறிக்குக் குடுக்காதுங்கண்ணு மாட்டு டாக்டர் பறஞ்சு விட்டதாக்கும். அத உங்க மகளுக்குக் குடுக்காதுங்க."

மாமி பெண்கள் வரிசையிலிருந்து எழுந்தார். "எட்டி, கோயிலாக்கும் இது. வாய மூடு."

"கோயிலானதுனாலதான் பறயுதேன் மாமி. எனக்கு ரெண்டு பிள்ள நிக்காமப் போனது அந்த ஈயத்துனாலயா இருக்கும். அவருக்க ரெத்தத்துலயும் அது உண்டான்னு பாக்கச் சொன்னாவ. அவரு பாக்க வரமாட்டேங்காரு. நான் மச்சியில்ல."

எங்கள் சபைப் போதகர் ஐயர் அங்கியோடு படியில் நின்றுகொண்டிருந்தவர் அப்படியே நின்றார். என் கணவர் கிடாவின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு அத்தனை பேர் நடுவில் நின்றார். கிடாவுக்கு மாலை ஒரு காதில் மாட்டித் தொங்கியது. அவரைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது, ஆனாலும் சொன்னதில் ஒரு சொல்லைக்கூடத் திரும்ப எடுக்கத் தோன்றவில்லை. அவர் தலையைக் குனிந்து, மாலையை எடுத்துப் போட்டுவிட்டு, கிடாவை இழுத்துக்கொண்டு வாசல் வழியாக வெளியே போனார்.

அக்கா என் பக்கத்தில் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் வாயடைத்து நின்று நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

மூன்று நாள் என் கணவர் என்னோடு பேசவில்லை. நான்காம் நாள் காலையில் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்து, "பொறப்படு" என்றார். திருவனந்தபுரம் வரைக்கும் பஸ்ஸில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து போனோம். இருவரும் ரத்தம் கொடுத்தோம். அவர் மற்றதும் கொடுத்தார். முடிவு வந்தபோது எனக்கு ஈயம் இருந்தது, அவருக்கு அதைவிடப் பல மடங்கு இருந்தது. விந்தில் உயிருள்ளது மிகக் குறைவு என்றார் மெடிக்கல் காலேஜ் டாக்டர். உருக்குவதை இன்றே நிறுத்த வேண்டும், மருந்து தருகிறோம், ஆனால் எலும்பில் இறங்கியது மெதுவாகத்தான் வெளியேறும் என்றார். பிள்ளை பிறக்குமா என்று நான் கேட்டேன். சிலருக்குச் சரியாகும், சிலருக்கு ஆகாது, காத்திருந்து பார்க்க வேண்டும் என்றார். பொய் சொல்லாததற்கு நன்றி சொல்லத் தோன்றியது.

மாமி அந்தக் காகிதத்தைக் கையில் வாங்கவே இல்லை. ஆனால் என் அண்ணனுக்குப் போன் செய்து, இப்போது வர வேண்டாம் என்று சொன்னார். காரணம் சொல்லவில்லை. ஆண் பக்கம் குறை என்று வந்தால் அதற்கு எங்கள் வீடுகளில் பேச்சே கிடையாது, மௌனம்தான். என் துணியை எடுத்து வைத்திருந்த பையிலிருந்து நானே ஒவ்வொன்றாகத் திரும்ப எடுத்து அலமாரியில் வைத்தேன்.

கிடா அடுத்த வாரம் செத்தது. தொட்டியை எடுத்து எறிந்தும் பிரயோஜனம் இல்லை. கண் இரண்டும் தெரியாமல், கட்டின இடத்திலேயே வட்டம் வட்டமாகச் சுற்றி, பல்லைக் கடித்து, கால்களை உதைத்துக்கொண்டு ஒரு மத்தியானத்தில் அடங்கியது. டாக்டர் போனில், கிணற்றிலிருந்து தள்ளி ஆழமாகப் புதையுங்கள், நாய் இழுக்கக்கூடாது என்றார். என் கணவர் மம்மட்டியை எடுத்துக்கொண்டு பின்னால் போனார். நான் அடுக்களையில் இருந்தேன். மம்மட்டி மண்ணில் இறங்கும் முதல் சத்தம் கேட்டதும் எந்தத் திசையிலிருந்து என்பது தெரிந்துவிட்டது. ஓடினேன்.

பிலா மூட்டில் நின்று வெட்டிக்கொண்டிருந்தார்.

"அங்க வெட்டாதுங்க!"

"இஞ்ச மண்ணு எளகிக் கெடக்கு பிள்ளே. மத்த இடமெல்லாம் பாறையாக்கும்."

"எளகிக் கெடக்கது எதுக்குண்ணு தெரியுமா உங்களுக்கு?"

அவருக்குப் புரியவில்லை. மாமி அடுக்களை வாசலில் வந்து நின்று முந்தானையை வாயில் பொத்திக்கொண்டார். அவர் அம்மாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு காலுக்குக் கீழே தான் இத்தனை மாதமாகக் கொட்டிய சாம்பல் மேட்டைப் பார்த்தார். மம்மட்டியை மெதுவாகத் தள்ளி வைத்தார். அது யாரையாவது எழுப்பிவிடும் என்பது போல அவ்வளவு மெதுவாக.

"ஆணா, பெண்ணா?" என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்காக நான் அவ்வளவு நாள் காத்திருந்தேன் என்பது அவர் கேட்ட பிறகுதான் எனக்கே தெரிந்தது.

"பெண்ணாக்கும்," என்றேன்.

அவர் குனிந்து, முழங்காலில் உட்கார்ந்து, அந்தச் சாம்பலை இரண்டு கையாலும் அள்ளி அள்ளிக் கூடையில் போட ஆரம்பித்தார். கையால் தொடாதீர்கள், டாக்டர் சொன்னது மறந்து போயிற்றா என்று நான் சத்தம் போட்டேன். அவர் காதில் விழவில்லை. சாம்பல் முழுக்கப் போய் மண் தெரியும்வரை அள்ளிக்கொண்டே இருந்தார். கிடா பொழுது சாயும்வரை மூடாமல் வெளியே கிடந்தது.